நாடிழந்தவரின் அரிவரி

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘உ’ படிப்பித்துக்கொண்டிருந்தேன். அரிவரிப் புத்தகத்தில் உரலின் படம் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி படத்தின் மேல் விரலை வைத்து, “இது டிரம், ரீச்சர்” என்றாள். இடை சிறுத்து மேலும் கீழும் அகன்ற எங்கள் ஊர் மர உரலை நினைத்துப் பார்த்தால், அவள் சொன்னதைப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. அவள் வீட்டில் யாரும் மா இடிப்பதில்லை. எழுத்தை விளக்க வந்த படத்துக்கே ஒரு விளக்கம் தேவைப்பட்டது.

இந்தச் சிக்கலை முன்னூற்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். 1658இல் ஜெர்மனியின் நூரெம்பேர்க் நகரில் ‘ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்’ என்ற பாடப்புத்தகம் அச்சானது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் உலகம், படங்களில் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். எழுதியவர் யான் ஆமோஸ் கொமென்ஸ்கி. உலகம் அவரைக் கொமேனியஸ் என்ற இலத்தீன் பெயரால் அறியும்.

அவரும் ஊரைவிட்டு வந்தவர்தான். இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியாவில் 1592இல் பிறந்தார். 1620இல் வெள்ளை மலைப் போரில் புரட்டஸ்தாந்துகள் தோற்றபின், அந்தப் பக்கத்துப் போதகரான அவர் சொந்த மண்ணிலேயே ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. 1622இல் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொள்ளைநோய் கொண்டுபோனது. 1628இல் எல்லை கடந்து போலந்தின் லெஷ்னோ நகருக்குப் போனார். பிறகு லண்டன், எல்பிங், ஹங்கேரியின் சாரோஸ்பதாக், கடைசியாக அம்ஸ்ரர்டாம். ஊருக்குத் திரும்பவே இல்லை.

லெஷ்னோவில் இருந்தபோது, 1631இல், ஏறக்குறைய 8000 இலத்தீன் சொற்களை 1000 வாக்கியங்களுக்குள் அடக்கி ஒரு பாடநூல் எழுதினார். அது ஐரோப்பா முழுவதும் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் 1650இல் சாரோஸ்பதாக் பள்ளிக்குப் போனபோது, அங்கிருந்த சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் கனமாக இருந்தது. பொருள் தெரியாமல் இலக்கணத்தைப் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த காலம் அது. சொல்லுக்கு முன்னால் பொருளைக் காட்ட வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். எல்லாப் பொருளையும் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது என்பதால்தான் படம். அதற்கான மரக்கட்டைகளை நன்றாகச் செதுக்க அங்கே ஆள் கிடைக்கவில்லை. அந்த வேலை நூரெம்பேர்க்கின் பதிப்பாளர் மிக்கேல் எண்ட்டரிடம் போய், ஆண்டுகள் கழிந்துதான் புத்தகம் வந்தது.

மொத்தம் 150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம், கீழே இலத்தீனும் ஜெர்மனும் பக்கம் பக்கமாக. படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் உண்டு. அதே எண் கீழே வாக்கியத்தில் அந்தச் சொல்லோடு நிற்கும். ரொட்டி சுடுபவர், முடி வெட்டுபவர், தேனீ, மேகம், கப்பல் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்துப் படத்தில் அரட்டை அடிக்கும் பையன்களும் அவர்களுக்குக் கிடைக்கும் அடியும் உண்டு. மனிதர் எதையும் மறைக்கவில்லை. ஆன்மாவையும் அவர் விட்டுவிடவில்லை. அதற்குப் புள்ளி புள்ளியாக ஒரு மனித உருவம்.

எழுத்து கற்பிக்கும் முதல் பக்கங்கள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. நாங்கள் ‘அ’வுக்கு அம்மா என்று சொல்லின் முதல் ஒலியைக் காட்டுகிறோம். அவர் எழுத்தின் ஒலியையே உயிருள்ள ஒன்றின் வாயில் வைத்தார். ‘ஏ’ என்ற நெட்டெழுத்துக்கு அழும் குழந்தை, ‘ஸ்’ஸுக்குச் சீறும் பாம்பு, ‘ர்’ருக்கு உறுமும் நாய். காகம் அவருக்கு ‘ஆ’ என்று கரைகிறது. நம் காகம் ஒரு ககரத்தைச் சேர்த்துக்கொள்ளும். பூனை ‘ந’வுக்கு வருவதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

அடுத்தடுத்து நிற்கும் அந்த இரண்டு பத்திகளைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழும். அவருடைய திட்டத்தில் வீட்டு மொழி தெரிந்தது, இலத்தீன் தெரியாதது. பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குப் போகும். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி என்று நாங்கள் சொல்லும் பத்தியே தெரியாத பத்தியாகிவிட்டது. ஊரில் புத்தகத்தில் ‘உரல்’ என்று எழுதியிருந்தால் போதும். முற்றத்தில் உரல் நின்றது. அதே புத்தகத்தை இங்கே கொண்டுவந்து, படம் மட்டும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறோம்.

படம் எதைச் செய்யாது என்பதையும் கொமேனியஸ் முன்னுரையில் எழுதியிருக்கிறார். நிறத்தையும் சுவையையும் கறுப்பு மையால் காட்ட முடியாது. வீட்டில் எளிதில் பார்க்கக் கிடைக்காத பொருள்களைப் பெரிய பள்ளிகள் சேர்த்து வைத்து, அந்தச் சொல் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பள்ளிக்கு அனுப்பும் முன்பே புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள், ஆசைப்பட்டால் படங்களைப் பார்த்து வரையட்டும் என்றும் சொல்கிறார்.

அதைப் படித்த பிறகு ஒரு அம்மம்மாவிடம் கேட்டு, இஞ்சி இடிக்கும் சின்ன உரலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். டிரம் என்று சொன்னவள் நான்கு ஏலக்காயை அதில் போட்டு இடித்தாள். வாசனை மற்ற வகுப்புக்கும் போனது. அடுத்த வாரம் ‘உரல்’ என்று அவள் எழுதியதில் ‘ர’ மட்டும் கால் இல்லாமல் நின்றது.

ஜெர்மானியக் கவி கேத்தே, தன் சிறுவயதில் கிடைத்த பிள்ளைகள் புத்தகம் என்று ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ஸைத்தான் நினைவுகூர்கிறார். ஆங்கிலத்தில் அது சார்ல்ஸ் ஹூலின் மொழிபெயர்ப்பாக 1659இலேயே வந்துவிட்டது. செக் மொழியில் அப்படி வரவில்லை. 1656இல் லெஷ்னோ போரில் எரிந்தபோது கொமேனியஸின் நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. 1612 முதல் அவர் சேர்த்து வந்த செக் மொழி அகராதியும் அதில் போனது. இழந்தவற்றில் அதற்காகத்தான் அவர் சாகும்வரை வருந்தினார். 1670இல் அம்ஸ்ரர்டாமில் இறந்தார். நார்டன் என்ற சிற்றூரில் அடக்கம். அவருடைய படப்புத்தகத்தில் செக் மொழிக்கு ஒரு பத்தி கிடைத்தது, அதற்கும் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1685இல், இன்றைய ஸ்லோவாக்கியாவின் லெவோச்சா நகரில் வந்த பதிப்பில். இலத்தீன், ஜெர்மன், ஹங்கேரியன் ஆகியவற்றோடு நான்காவதாக.