யாரோட ஆளு?

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, தினசரியின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. நூறு நாள் வேலைத் திட்டக் குறைதீர்ப்பாளர் பதவிக்குத் தகுதியானவர்கள் விண்ணப்பிக்கலாம். அந்த வேலைக்குப் போகிற பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கூலி கொறைஞ்சா இனி இவருகிட்ட சொல்லலாம் பெரிம்மா." அவர் திருப்பிக் கேட்டார்: "அந்தாளு யாரோட ஆளு?"

இந்தப் பதவியின் முந்நூறு வருஷக் கதையே அந்தக் கேள்விதான்.

'ஆம்புட்ஸ்மேன்' ஸ்வீடிஷ் சொல். இன்னொருவர் சார்பாக நிற்கிற ஆள் என்று பொருள். 1709-இல் பொல்டாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், துருக்கி சுல்தானின் எல்லைக்குள் போய்த் தஞ்சமடைந்தார். ராஜா வெளியூரில் இருந்தால் அதிகாரிகளை யார் கவனிப்பது? 1713-இல் அங்கிருந்தபடியே அதற்கென ஒரு தலைமை ஆம்புட்ஸ்மேன் பதவியை ஏற்படுத்தினார். அதிகாரிகளைக் கண்காணிக்க ஆள் வந்தாச்சு. ஆனா அது ராஜாவோட ஆளு.

1809-இல் இன்னொரு மன்னரைப் பதவியிறக்கிவிட்டு எழுதிய அரசியல் சட்டம், நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் ஆம்புட்ஸ்மேனைக் கொண்டுவந்தது. சட்ட அறிவுக்கும் நேர்மைக்கும் பெயர்பெற்றவராக இருக்க வேண்டும் என்பது தகுதி. 1810-இல் லார்ஸ் ஆகஸ்டின் மன்னெர்ஹைம் முதலாமவராகத் தேர்வானார். பழைய பதவியும் வேறு பெயரில் இன்றுவரை அரசாங்கத்தின் பக்கம் இருக்கிறது. வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், அனுப்பியவர்தான் வேறு.

நம்மூர் ஏரிக்கரைக்கு இந்தப் பதவி வந்துசேர இருநூறு வருஷம் ஆனது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டப்படி பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும். புகார் வந்தால் ஒன்றிய அளவில் இருக்கும் திட்ட அலுவலர் ஏழு நாளில் தீர்க்க வேண்டும். அதாவது வேலையை நடத்துகிறவரே புகாரையும் விசாரிப்பார். நான் எழுதிய கோடை நானே ரிவ்யூ செய்ய எங்கள் டீமில்கூட விட மாட்டார்கள்.

2009 செப்டம்பரில் மத்திய அரசு, மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று உத்தரவிட்டது. பொது நிர்வாகம், சட்டம், கல்வி, சமூகப் பணி, மேலாண்மை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் வரலாம். கட்சி உறுப்பினர் கூடாது. பின்னால் வந்த விதிகள் பத்து வருஷ அனுபவம் கேட்டன. அதே மாவட்டத்துக்காரராகவோ பக்கத்து மாவட்டத்துக்காரராகவோ இருக்க வேண்டும், உள்கிராமங்களுக்கு அலைய உடம்பில் தெம்பு வேண்டும் என்றன. நல்ல விதிகள்தான். ஆனால் பெரியம்மா மண்வெட்டி பிடித்த வருஷங்கள் இந்த அனுபவக் கணக்கில் வராது. சம்பளமும் கிடையாது, அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம். நியமிப்பது மாநில அரசு. ஸ்வீடன்காரர்கள் 1809-இல் மாற்றியது தகுதிப் பட்டியலை மட்டும் அல்ல, நியமிக்கிற கையையும். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

"கவர்மென்ட்தான் போடுது, ஆனா கட்சிக்காரங்க இல்ல" என்றேன்.

"கூலி குடுக்கறதும் கவர்மென்ட்தானே?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அவரு நம்பரு இருக்கா பாரு. போன மாசம் மூணு நாளுக்கு வரவேயில்ல" என்றார்.

நான் பேப்பரைத் திரும்பப் பார்த்தேன். "இன்னும் ஆளே போடல பெரிம்மா. இப்பதான் விண்ணப்பம் கேக்கறாங்க."

"போட்டா சொல்லு."