மீரியபெத்த கோக்கி சொன்னது

எங்கள் உம்மும்மாவின் கொப்பியில் லவ் கேக் செய்முறை அறபுத்தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. அரை இறாத்தல் ரவை, ஓர் இறாத்தல் கஜு, இரண்டு இறாத்தல் சீனி, இருபத்தைந்து முட்டையின் மஞ்சட்கரு, பட்டர், பூசணித் தோசி, பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய். தலைப்பு: ‘மீரியபெத்த கோக்கி சொன்னது’. உம்மும்மாவின் வாப்பா கொஸ்லந்தையில் வைத்திருந்த கடைக்கு, துரை பங்களாவுக்குச் சாமான் வாங்க வந்துபோன தோட்டத்துச் சமையற்காரர் அவர்.

லவ் கேக்கைப் பறங்கியர் பலகாரம் என்போம். சரிதான். ஆனால் அதன் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் கதை நீளும். கஜு, தோசி, போறணை, குசினி எல்லாம் போர்த்துக்கீசர் வழி வந்தவை. கஜு மரமே அவர்கள் பிரேசிலிலிருந்து கீழைநாடுகளுக்குக் கொண்டுவந்ததுதான். கோக்கி, ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். இறாத்தலோ அறபியின் ‘ரத்ல்’. இத்தனையும் கடலேறி வந்து, ஊவா மலையில் ஒரு தமிழர் வாயால் சொல்லப்பட்டு, ஒரு முஸ்லிம் பெண்ணின் கையால் எழுதப்பட்டிருக்கின்றன.

லயத்தில் போறணை ஏது? சட்டியில் மணல் பரப்பி, கேக் தகரத்தின் உள்ளே பழைய பத்திரிகைத் தாளை நாலு மடிப்பாகப் போட்டு, மூடியின் மேலும் தணல் வைத்துச் சுடும் வழியையும் அவரே சொல்லியிருக்கிறார். (இருபத்தைந்து முட்டை துரைக்குத்தான் கட்டும்!)

கொப்பியின் ஓரங்களில்தான் சரித்திரம் இருக்கிறது. 1942இல் பர்மா அரிசி நின்று கூப்பன் வந்த காலத்தில் கோதுமை மா லயங்களுக்குள் நுழைந்தது. ரவைக்குப் பக்கத்தில் ‘மா வறுத்துப் போடலாம்’ என்று உம்மும்மா எழுதியிருக்கிறார். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உம்மாவின் கையெழுத்து, தமிழில்: சீனி வெட்டப்பட்டு ‘கித்துள் கருப்பட்டி’, இருபத்தைந்து வெட்டப்பட்டு ‘எட்டு’. அதே காலத்தில் தோட்டங்களில் பட்டினியால் மனிதர் செத்தார்கள். கேக்கைப் பற்றிய பேச்சானாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கோக்கியின் குடும்பம் இரண்டாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அவருடைய மகன் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் போனார், அங்கேயும் தேயிலைதான். மகள் மீரியபெத்த லயத்திலேயே இருந்துவிட்டார். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக் கேக் எங்களுக்கு வரும். பெருநாளைக்கு எங்களுடையது அவர்களுக்குப் போகும். அவர்களுடையது வேறு ருசி. கஜுவுக்குப் பதில் வேறேதோ இருந்தது. தேங்காய்ப்பூ என்பார் உம்மா, பலாக்கொட்டை என்பேன் நான். ஒருநாளும் கேட்கவில்லை.

2014 ஒக்டோபர் 22 தீபாவளி. அன்றும் கேக் வந்தது. 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப்போக வீடுமில்லை, வீட்டாருமில்லை. அந்த இடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததைப் பின்னர் பத்திரிகைகளில்தான் படித்தோம்.

அடுத்த வருடம், தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன், கோக்கியின் பூட்டப்பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என்னிடம் படித்தவள். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள்.

“சேர், எங்க பூட்டன் சொன்ன கேக்க ஒங்க வீட்டுல எழுதி வச்சிருக்கீங்களாமே?”

அறபுத்தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து, தமிழில் பிரதிபண்ணிக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

“இது பங்களா கேக்கு சேர். எங்க அம்மாச்சி போடுறது இதுல இல்லியே.”

அம்மாச்சி மண்ணோடு போனவர்.

கூடலூர் முகவரி ஒன்று கிடைத்து இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இதை வாசிப்போரில் எவருக்கேனும் அங்குள்ள கொஸ்லந்தைக் குடும்பங்களைத் தெரியுமாயின், கஜுவுக்குப் பதில் என்ன போட்டார்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.