குன்றில் இரைந்த ஈயக் குண்டுகள்

மண்ணைத் தோண்டினால் ஓடு கிடைக்கும், எலும்பு கிடைக்கும், காசு கிடைக்கும். ஒலி கிடைப்பதில்லை. ஆனால் ஸ்கொட்லாந்தின் தென்பகுதியில், பேர்ன்ஸ்வார்க் என்னும் குன்றில், ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஓர் ஒலி ஈயத்தில் அகப்பட்டிருக்கிறது. வானொலியிற் பேச வந்த எனக்கு அதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

குன்றின் உச்சி தட்டையானது. அதன்மேல் பிரித்தானியக் கெல்ட் குடியினர் அரண் கட்டி வாழ்ந்தனர். வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு உரோமப் பாசறைகளின் தடங்கள் அடிவாரத்தில் இன்றும் உள்ளன. தெற்குப் பாசறையின் வாயில்களுக்கு முன்னால், குன்றைப் பார்த்தபடி மூன்று மண்மேடுகள். 'மூன்று சகோதரர்' என்று அவற்றுக்குப் பெயர். எறிபொறிகளை நிறுத்திய மேடுகள் அவை என்பது பலர் கருத்து.

இதனை எப்படி வாசிப்பது? முற்றுகை என்றனர் முன்னைய அறிஞர். 1960களில் அங்கே அகழ்வு நடத்திய ஜோர்ஜ் ஜோபி அதை மறுத்தார். குண்டுகள் விழுந்தபோது அரண் பாழடைந்து கிடந்தது. ஆகவே இது படைவீரர் எறிந்து பழகிய இடம் என்றார். நெடுநாள் அதுவே பலருக்கும் ஏற்புடையதாயிற்று. பயிற்சி என்றால் குன்றின்மேல் எவரும் சாகவில்லை என்றாகிவிடும் அல்லவா?

2015ஆம் ஆண்டளவில் ஜோன் ரீட், அண்ட்ரூ நிக்கல்சன் ஆகியோர் உலோகங்காணும் கருவிகளோடு குன்றை ஆராய்ந்தனர். கவண் குண்டுகள் நூற்றுக்கணக்கில் தென்பட்டன. கவண் என்றதும் நமக்குத் தினைப்புனமும் கிளியும் நினைவில் வரும். இங்கே எறிந்தது ஈயம். பெரியது 60 கிராம் வரை. மண்டையை உடைக்க அது போதும். ஆனால் 30 கிராமுக்குட்பட்ட சிறு குண்டுகள் சிலவற்றில் 5 மில்லிமீற்றர் அளவிலான துளையொன்று இருந்தது. நஞ்சு வைக்கவோ என்று முதலில் ஐயுற்றனர். விடை சொன்னவர் ரீட்டின் சகோதரர், மீன்பிடியில் விருப்புள்ளவர். ஒலிக்காக இருக்கலாம் என்றார் அவர். அவ்வாறே குண்டுகள் செய்து எறிந்து பார்த்தனர். குளவி போல இரைந்தனவாம்!

போரில் எறிவதையே பயிற்சியிலும் எறிவர் என்று வாதிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு குண்டாக எடுத்துத் துளையிட நேரம் வேண்டும். ஆளில்லாத மேட்டை அச்சுறுத்த எவன் அவ்வளவு பாடுபடுவான்?

அந்த ஈயத்தை ஆய்வாளர், அன்ரோனினஸ் பயஸ் பேரரசரின் காலத்தோடு, அதாவது கி.பி. 140ஐ அண்டிய ஆண்டுகளோடு பொருத்துகின்றனர். அவரது ஆளுநர் லொலியஸ் ஊர்பிகஸ் பிரித்தானியரை வென்று புற்கரண்களால் புதிய மதில் எழுப்பினார் என்று பேரரசரின் வரலாறு ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. தோற்றவர் தரப்பில் அந்த ஒரு வாக்கியமும் இல்லை. அவர்கள் எழுதி வைக்கவில்லை.

சிறு குண்டுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. மூன்று நான்கை ஒரே வீச்சில் எறியலாம். ஆனால் அவை வெகு தூரம் போகா. ஆகவே மேலே நின்றவர் காதில் அந்த இரைச்சல் விழுந்த வேளையில், எறிந்தவன் சரிவில் பாதி ஏறிவிட்டிருப்பான்.