ஓதம்

‘சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது’ என்று மழைக்கால வீடுகளில் சொல்கிறோம். அந்த ஈரத்தைக் குறிக்கும் சொல்லே கடலுக்கும், அலைக்கும், கடற்பெருக்குக்கும் உரியது. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுக்கு இது மிக நெருக்கமான சொல். புவியியல் பாடநூல்கள் ஏற்றமும் இறக்கமுமான கடல்நீரின் அசைவு முழுவதற்கும் இதையே கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டன. நல்ல தேர்வு.

ஓதத்தை எழுப்புவதில் நிலவுக்கே முதலிடம். சூரியன் நிலவைப்போல் ஏறத்தாழ 2.7 கோடி மடங்கு நிறை கொண்டது. ஆனால் சுமார் 390 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஓத விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே சூரியனின் பங்கு நிலவினதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நிலவை நோக்கிய பக்கத்து நீர், பூமியின் மையத்தைவிட வலுவாக இழுபடுகிறது. மறுபக்கத்து நீர் குறைவாக இழுபட்டுப் பின்தங்குகிறது. அதனால்தான் நிலவே தெரியாத பக்கத்திலும் நீர் மேடு எழுகிறது! பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு பெருக்கு வருவதும் இதனால்தான். நிலவும் நகர்வதால் பெருக்கு நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரு விசைகளும் ஒரே கோட்டில் சேர, ஓதம் ஓங்கும். அட்டமியை ஒட்டித் தணியும். கரையின் வடிவமும் முக்கியம்: சென்னையில் ஏறத்தாழ ஒரு மீட்டரே எழும் ஓதம், குறுகிச் செல்லும் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரைத் தாண்டுகிறது.