மலேசியத் தமிழரும் 2008-ஆம் ஆண்டுத் தேர்தலும்



தேர்தற் காலம் அணுகுந்தோறும் சமூகச் சங்கங்களின் வாயிலிற் கட்சியினர் வந்து நிற்பதும், "உங்கள் இனத்தாரின் வாக்குகள் அனைத்தையும் எங்கட்கே வாங்கித் தருக" எனத் தலைவர்களை வேண்டுவதும் நாம் அறிந்தனவே. ஒரு சமூகம் தன் குறைகளை எவ்வாறு அரசியலார் செவியில் ஏறச் செய்வது? ஒரு தலைவர் கையில் அனைத்தையும் ஒப்புவித்துவிட்டு அமைந்திருத்தல் தகுமோ? தகாதெனின் வேறு வழி யாது? இவ்வினாக்களுக்கு வெறும் வாதத்தால் விடை காண்பதினும் சரித்திரத்தால் விடை காண்பது நன்று. நம் நாட்டு ஊர்களினின்று கடல் கடந்து சென்றாரின் வழித்தோன்றல்கள் மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னும் பின்னும் கண்ட அநுபவம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையாகிய வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர்க் காப்பித் தோட்டங்களும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களும் அவர்களை வேண்டி நின்றன. ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பெறவே, கங்காணி முறை ஓங்கிற்று. கங்காணி என்பான் தன் சொந்த ஊருக்கே மீண்டு வந்து, உறவினரையும் அயலாரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டிக் கப்பலேற்றுவான். தோட்டத்தை அடைந்த பின்னரும், துரையின் கட்டளை கூலியாளுக்குக் கங்காணி வாயிலாகவே வரும். கூலியாளின் முறையீடும் துரைக்குக் கங்காணி வாயிலாகவே செல்லும். இந்திய சர்க்கார் 1938-இல் இவ்வகைக் கூலிப் பிரயாணத்தைத் தடை செய்யும்வரை இம்முறை நிலவிற்று. ஒருவன் வாய் வழியாகவே ஊரார் அனைவரும் பேசுதல் என்னும் வழக்கம் அம்மக்களிடை இவ்வாறு வேர்கொண்டது. இதனை மனத்திற் கொள்க. மேல் வருவனவற்றுக்கு இதுவே திறவுகோல்.

நிற்க. 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் என்னும் ஸ்தாபனம் தோன்றிற்று. அது மலாய்க்காரர் கட்சியோடும் சீனர் கட்சியோடும் கூட்டணி சேர்ந்து 1955-ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்றது. அக்கூட்டணி 52 ஸ்தானங்களில் 51 வென்றது. 1957 ஆகஸ்டு 31-இல் நாடு சுதந்தரம் பெற்றது. அரசியற் சட்டத்தின் 153-ஆம் பிரிவு மலாய்க்காரரின் தனிநிலையைக் காத்தது. ஏனையோர்க்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மூன்று இனத்தாரும் தத்தம் கட்சி வாயிலாக அரசில் இடம்பெறுவர் என்பதே அவ்வேற்பாட்டின் சாரம்.

இந்தியர் அந்நாட்டிற் சிறுபான்மையினர். சுதந்தரக் காலத்தில் நூற்றுக்குப் பதினொருவராயிருந்து, பின் நூற்றுக்கு ஏழெட்டுப் பேராகக் குறைந்தனர். அவர்கள் பெரும்பான்மையராயுள்ள பார்லிமெண்டுத் தொகுதி ஒன்றேனும் இல்லை. ஆகவே, கூட்டணியார் மனமுவந்து அளிக்கும் சில தொகுதிகளே அவர்தம் கட்சிக்கு உரியனவாயின. அத்தொகுதிகளிலும் பிற இனத்தார் வாக்கின்றி வெற்றியில்லை. கேட்டுப் பெறும் நிலையின்றிக் கொடுத்ததைப் பெறும் நிலையே வாய்த்தது.

இத்தகைய நிலையிலும் நற்றொண்டு நிகழாமற் போகவில்லை. சுதந்தரத்தை ஒட்டி வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அப்பொழுது இந்தியர் காங்கிரசின் தலைவராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர் தவணை தவணையாய்ச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். பால்மரம் வெட்டியவரே பால்மரத்துக்கு உடையவரானது அருஞ்செயலன்றோ! ஆயினும் நாடெங்கும் பரவிய துன்பத்துக்கு அஃதொன்றே போதிய மருந்தாகவில்லை.

1969 மே 13-இல் கோலாலம்பூரில் மூண்ட இனக்கலகத்தின் பின்னர், 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வகுக்கப்பட்டது. வறுமையை இனவேறுபாடின்றி ஒழித்தல் என்பதும், நாட்டுச் செல்வத்தில் மலாய்க்காரர் முதலிய பூமிபுத்திரர்க்கு நூற்றுக்கு 30 பங்கு சேரச் செய்தல் என்பதும் அதன் நோக்கங்கள். முன்னது ஏட்டளவிற் பொதுவாயிருப்பினும், தோட்டத்துத் தமிழனை அது சென்றடைந்தது அரிது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டங்கள் நகரங்களாயின. தலைமுறை தலைமுறையாய் லயங்களில் வாழ்ந்தோர் நகர்ப்புறத்திற் குடிசை கட்டி ஒதுங்கினர். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் பெறாதார் பலர் பிறந்த நாட்டிலேயே அயலார்போல் அலைந்தனர்.

இனி, கோயில்களின் பிரச்சினை எவ்வாறு எழுந்ததெனின், கூறுதும். தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் முனீசுவரன் கோயிலையும் கட்டியவர் தொழிலாளர். நிலமோ தோட்ட முதலாளிக்கு உரியது. வாய்ச்சொல்லால் இசைவு தந்த துரை போய்விட்டார். பட்டா எழுதி வாங்கியவர் இலர். நிலம் கைமாறியபோது, நூறாண்டுக் கோயிலும் சட்டத்தின் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாயிற்று. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளுட் பலவற்றின் நிலையும் இதுவே. நிலம் அரசுடையதன்று என்னும் காரணத்தால் அவை முழு உதவி பெறாது, ஒழுகும் கூரையின்கீழ் நடந்துவந்தன. எழுத்தில் இல்லாத உரிமை இறங்கும் நிழல் போன்றது என்பதை நம்மவரும் உணர்தல் வேண்டும்.

இக்குறைகளையெல்லாம் எடுத்துரைக்க வேண்டியவர் யார்? 1979 முதல் இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் பல்லாண்டு மந்திரியாகவும் விளங்கிய, காலஞ்சென்ற ச. சாமிவேலு அவர்களே. அவர் ஆற்றல் மிக்கவர்; கல்லூரிகள் காணவும் உழைத்தவர். எனினும், மந்திரிசபையுள் மெல்லப் பேசிப் பெறுவோம் என்னும் அவர் வழியில் மக்களுக்கு நம்பிக்கை குன்றிவந்தது. உள்ளே என்ன கேட்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது என்று வெளியே நிற்பவன் அறிய வழியில்லையே! பழைய கங்காணி முறையே புதிய ஆடை புனைந்து வந்ததெனப் பலர் மனம் கசந்தனர்.

2005 டிசம்பரில் அக்கசப்பு முதிர்ந்தது. எவரெஸ்டு யாத்திரைக் குழுவில் ஒருவராயிருந்த மூர்த்தி என்பார் இறந்தபோது, அவர் இசுலாம் தழுவியவர் என ஷரியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியார் அதனை மறுத்து வழக்கிட, தமக்கு அதில் அதிகாரமில்லையென உயர்நீதிமன்றம் கைவிட்டது. அவ்வம்மையாரின் சொல்லைக் கேட்பாரே இலராயினர். இதன்பின், இந்து உரிமைகளுக்காகப் பல சங்கங்கள் ஒன்றுகூடி ஹிண்ட்ராப் என்னும் இயக்கமாயின. பொ. வேதமூர்த்தி, அவர் தமையனார் பொ. உதயகுமார் ஆகிய வழக்கறிஞர் இருவர் அதனை முன்னின்று நடத்தினர்.

2007 ஆகஸ்டு 31-இல், நாடு சுதந்தரம் பெற்று 50 ஆண்டு நிறைந்த நாளில், வேதமூர்த்தி இலண்டன் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசின்மீது ஒரு வழக்குத் தொடுத்தார். எங்கள் முன்னோரைக் கூலிகளாகக் கொண்டுவந்து, காப்பின்றி விட்டுச் சென்றமைக்கு 4 லட்சம் கோடி டாலர் ஈடு தருக என்பதே பிராது. அத்தொகை கிடைக்குமென எண்ணியவர் அரியர். தம் வரலாறு உலகின்முன் ஒருமுறை உரக்க வாசிக்கப்படல் வேண்டுமென விழைந்தவர் பலர். தீபாவளிக்குச் சின்னாள் முன்னர், அக்டோபர் 30-இல், ஷா ஆலம் நகரையடுத்த பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தாற் போலாயிற்று.

நவம்பர் 25-ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஒரு லட்சம் பேர் கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட மகஜரைப் பிரிட்டிஷ் ராணியாருக்கு அளிக்கும் பொருட்டுப் பல்லாயிரவர் கோலாலம்பூரிற் கூடினர். ஊர்வலத்துக்கு அநுமதி மறுக்கப்பட்டிருந்தது. பத்துமலை முருகன் சந்நிதியில் இரவே வந்து தங்கியோர்மீதும், காலையில் நகர வீதிகளில் நின்றோர்மீதும் போலீசார் கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் வீசினர். காந்தியடிகளின் படம் ஏந்தி வந்தோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். டிசம்பர் 13-இல் உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிக் கமுந்திங் சிறையில் அடைக்கப்பட்டனர். வேதமூர்த்தி வெளிநாடு சென்றார்.

ஹிண்ட்ராப் தலைவர்கள் ஆண்ட சொற்களுட் சில அளவுகடந்தன என்பதும், ஏழை மலாய்க்காரனும் ஏழைச் சீனனும் அந்நாட்டில் உண்டென்பதும் மறுக்கற்பாலன அல்ல. சரித்திரம் எழுதுவோன் இதனையும் குறித்தல் முறை. ஆயினும் அழுவோன் குரல் சுருதி சேரவில்லை என்று குற்றங்கூறுவது நீதியாகாது.

இனித் தேர்தலைக் காண்போம். அரசியலார் விழித்துக்கொண்டனர். 2008 ஜனவரியில், பிரதம மந்திரி அப்துல்லா அகமது படாவி கோலாலம்பூரிலும் புத்ராஜாயாவிலும் தைப்பூசத்தை விடுமுறை நாளாக்கினார். பிப்ரவரி 13-இல் பார்லிமெண்டு கலைக்கப்பட்டது. 16-ஆந் தேதி, சிறைப்பட்டோரை விடுவிக்குமாறு வேண்டிப் பிரதமருக்கு ரோஜாமலர் அளிக்கச் சிறுவரோடு வந்தோரும் கண்ணீர்ப்புகையாற் கலைக்கப்பட்டனர். விடுமுறையால் தணிந்த மனம் புகையால் மீண்டும் கனன்றது.

எதிர்க்கட்சிகள் மூன்று: அன்வார் இப்ராகிமைத் தலைவராகக் கருதிய மக்கள் நீதிக் கட்சி, சீனர் பெரிதும் சார்ந்த ஜனநாயக செயல் கட்சி, இசுலாமியக் கட்சியாகிய பாஸ். கொள்கையால் மாறுபட்ட இவை ஒரு தொகுதியில் ஒருவரையே நிறுத்துவதென உடன்பட்டன. விலைவாசியும் ஊழலும் பற்றி மலாய்க்காரர் சீனர் உள்ளத்திலும் மனக்குறை இருந்தது. நேர்மையான தேர்தல் வேண்டி நவம்பர் 10-இலேயே பெர்சே என்னும் பேரணி ஒன்று பலவினத்தாராலும் நடத்தப்பட்டிருந்தது. விரலில் அழியா மை இடுவதாகச் சொன்ன தேர்தல் ஆணையத்தார், வாக்குப் பதிவுக்கு நான்கு நாள் முன்பு அதனைக் கைவிட்டமை ஐயத்தை மிகுவித்தது. "மக்கள் சக்தி" என்னும் தமிழ்ச் சொற்றொடர் பிற இனத்தார் நாவிலும் ஒலித்தது. தமிழர் பலர், அதுகாறும் அஞ்சி ஒதுங்கிய பாஸ் கட்சிக்கும் வாக்களிக்கத் துணிந்தனர்.

மார்ச் 8-இல் தேர்தல் நடந்தது. 2004-இல் 219 ஸ்தானங்களில் 198 வென்றிருந்த தேசிய முன்னணி, இம்முறை 222-இல் 140 மட்டுமே பெற்றது. அரசியற் சட்டத்தைத் திருத்தவல்ல மூன்றிலிரு பங்குக்கு 148 வேண்டும், எட்டுக் குறைந்தது. கிளந்தானோடு கெடா, பினாங்கு, பேராக், சிலாங்கூர் ஆகிய ராஜ்யங்களும் எதிர்க்கட்சிகள் வசமாயின. இந்தியர் காங்கிரஸ் நின்ற 9 தொகுதிகளில் 3 மட்டுமே வென்றது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைக் காத்துவந்த சாமிவேலு, ஏழைகளின் மருத்துவரென அறியப்பட்ட ஜெயக்குமார் தேவராஜிடம் 1,821 வாக்கால் தோற்றார். ஜெயக்குமாரோ அங்கு முன்னர் இருமுறை தோற்றும் சோராதவர். சிறையிலிருந்தபடியே மனோகரன் சிலாங்கூர்ச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேராசிரியர் பி. இராமசாமி பினாங்கின் துணை முதலமைச்சரானார்.

ஒரு தொகுதியிலும் பெரும்பான்மையில்லாத மக்கள் இதனைச் செய்தது எங்ஙனம்? பலமாய் எண்ணுவோம். பெரும்பான்மையின்மை பலவீனம் என்பது உண்மையே. ஆயினும் பல தொகுதிகளிற் பத்திலொரு பங்காகப் பரவியிருப்போர் ஒருமுகமாகச் சாய்வராயின் துலாக்கோலின் முள் அசையும். அவர்கள் தனித்து வெல்லவில்லை. பிறர் குறையோடு தம் குறையைச் சேர்த்து வென்றனர்.

பின் நிகழ்ந்ததையும் மறைத்தல் ஆகாது. சிறைப்பட்ட ஐவரும் 2009-இல் விடுதலையாயினர். அவர்களை அடைத்த சட்டமே 2012-இல் நீக்கப்பட்டது. தமிழ்ப் பள்ளிகளுக்கு மானியம் உயர்ந்தது. ஆனால் இயக்கம் பிளந்தது. 2013-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், ஏப்ரல் 18-இல் வேதமூர்த்தி தேசிய முன்னணியோடு உடன்படிக்கை எழுதித் துணை மந்திரியானார். தமையனாரோ தனித்து நின்று தோற்றார். வாக்குறுதிகள் நிறைவேறவில்லையென்று 2014 பிப்ரவரியில் வேதமூர்த்தி பதவி துறந்தார். 2018 மே 9-இல் தேசிய முன்னணி முதன்முறையாக ஆட்சியை இழந்தது. புதிய அரசில் அவரே மந்திரியாகவும் அமர்ந்தார். அரசுகள் மாறின, அடையாள அட்டையில்லாதார் முறையீடு இன்னும் ஓயவில்லை.

அன்பர்காள்! இச்சரித்திரம் நமக்கு உணர்த்துவது யாது? தலைவர் ஒருவர் வாய் வழியாகவே பேசிய சமூகம், அவ்வாய் அடைத்தபோது ஊமையாயிற்று. மக்களே பேசியபோது நாடு செவிசாய்த்தது. பேசியபின் அயர்ந்தபோது, பெற்றது பாதியில் நின்றது. நம் சங்கமும் ஒரு வாயிலே. வாயிலாவது உள்ளிருப்போர் வெளிச்செல்லவும் வெளியார் உட்புகவும் உதவுவது. அதனை அடைத்துக்கொண்டு நிற்போர் எத்துணைப் பெரியவராயினும் இடையூறே ஆவர். ஆதலின் தேர்தல் வருமுன், குறைகளை ஊர்தோறும் கேட்டு எழுதுக; வந்து கேட்கும் கட்சிகள் அனைத்துக்கும் அதனையே கொடுக்க; பெற்ற உறுதிமொழியை இவ்விதழில் அச்சிடுக; ஆண்டு நிறையும்போது நிறைவேறியது எது, எஞ்சியது எது என மீண்டும் அச்சிடுக. வாக்கு யாருக்கென்பதை அங்கத்தினர் தம் மனச்சான்றுக்கே விடுக.

மற்றொன்றும் சொல்லி முடிப்பாம். அத்தோட்டங்களில் ஒருகாலத்து லயங்களும் சாதி பற்றிப் பிரிந்திருந்தன. நவம்பர் 25-இல் புகை வந்தபோது அது யார் கண்ணையும் குலம் கேட்டு எரிக்கவில்லை; ஈரத்துணி நீட்டிய கையும் குலம் கேட்டு நீட்டியதன்று. குலச் சங்கத்து இதழில் இதனை எழுதுதல் பொருத்தமோ எனின், இங்கே எழுதுதலே மிகவும் பொருத்தம் என்பேம். தன் வீட்டாரைப் பேணக் கற்றவன் அயல் வீட்டாரோடு கூடி நிற்கவும் கற்பானாயின், அவன் சங்கம் நெடிது வாழும்.