பள்ளத்தாக்குக் காய்ச்சல்: ஒரு புழுதி நோயின் சமூக வரலாறு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டறிந்த வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஒரு நோய் யாரைப் பீடித்தது, அவர்கள் எத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர், அவர்தம் நலன் எக்கட்டத்தில் பொதுப் பிரச்சினையாகக் கருதப்பட்டது என்னும் வினாக்களும் வரலாற்று மாணவருக்கு உரியனவே. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பெயரால் அறியப்பட்ட பங்கசு நோயொன்றின் வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது.

சுவாசப்பையைத் தாக்கும் பங்கசு நோய்கள் பல, எதிர்ப்புச் சக்தி குன்றியோரையே நாடுவன. கொக்சிடியோயிடிசு என்னும் பங்கசோ நல்ல உடல்நலம் உடையோரையும் விட்டுவைப்பதில்லை. மழை குறைந்த, கோடை வெப்பம் மிகுந்த நிலங்களின் மண்ணில் அது வாழ்கின்றது. ஈரமான காலத்தில் நூலிழைகளாக வளர்ந்து, மண் உலர்ந்ததும் நுண்ணிய வித்திகளாக உடைகின்றது. உழவாலோ அகழ்வாலோ காற்றாலோ மண் கிளறப்படும்போது அவ்வித்திகள் மூச்சுடன் உட்செல்கின்றன. உடலினுள் அவை கோளவுருப் பெற்று, முதிர்ந்து வெடித்துப் பெருகுகின்றன. தொற்றுக்கு உள்ளானோரில் ஏறத்தாழ 60 வீதமானோர் எவ்வித அறிகுறியையும் உணர்வதில்லை. ஏனையோருக்குக் காய்ச்சல், இருமல், நெஞ்சு நோவு, நீடித்த களைப்பு ஆகியன உண்டாகின்றன. மிகச் சிலரில் மட்டும் தோல், எலும்பு, மூளையுறை என்பவற்றுக்குப் பரவி உயிருக்கே ஊறு விளைவிக்கின்றது.

இந்நோயை முதன்முதலில் விவரித்தவர் ஒரு மாணவர். ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் வைத்தியம் பயின்ற அலெகாந்திரோ பொசாடாஸ், போர்வீரன் ஒருவனின் தோலிற் கண்ட புண்களை ஆராய்ந்து 1892ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். சில ஆண்டுகளுள் கலிபோர்ணியாவிலும் இத்தகைய நோயாளி ஒருவர் இனங்காணப்பட்டார். அவர் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்து சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் உழைத்த போர்த்துக்கேயக் கூலித் தொழிலாளி. 1896இல் ரிக்ஸ்போர்ட், கில்கிறிஸ்ற் ஆகியோர் நோய்க்காரணியை ஒரு புரட்டசோவன் எனக் கருதிப் பெயரிட்டனர். அதன் சிறப்புப் பெயராகிய ‘இமிற்றிஸ்’ என்னும் இலத்தீன் சொல் ‘மென்மையற்றது’ எனப் பொருள்படும். அது உண்மையில் ஒரு பங்கசே என்பதை 1900இல் ஒபியூல்ஸ், மொபிற் ஆகியோர் நிறுவினர். முதல் நோயாளிகள் போர்வீரனும் கூலித் தொழிலாளியுமாக அமைந்தமை மனங்கொளத்தக்கது.

அடுத்த முப்பது ஆண்டுகளாக இது அரிதான, மரணத்தில் முடியும் நோய் என்றே கருதப்பட்டது. 1929இல் நிகழ்ந்த ஒரு விபத்து இக்கருத்தை மாற்றியது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டிக்சன் என்பாரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஹரோல்ட் சோப் என்னும் மாணவர், பங்கசு வளர்க்கப்பட்ட கலத்தைத் திறந்தபோது வித்திகளைச் சுவாசித்துவிட்டார். அவர் இறந்துவிடுவார் என அஞ்சப்பட்டது. கடுஞ்சுரமும் கால்களிற் சிவந்த கட்டிகளும் தோன்றினவெனினும் அவர் குணமடைந்தார். இதே கட்டிகளுடன் கூடிய சுரத்தைப் பள்ளத்தாக்கு மக்கள் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ என நெடுங்காலமாக அழைத்து வந்தனர். கேர்ண் மாவட்டச் சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த மேர்னி கிபோர்ட்டும் டிக்சனும் 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒரே நோயே என வெளிப்படுத்தினர். மக்களின் வழக்கிற் பெயர்பெற்றிருந்த ஒன்றை விஞ்ஞானம் காலந்தாழ்த்தியே கண்டுகொண்டது எனலாம். வரட்சியாலும் வறுமையாலும் ஒக்லகோமா முதலிய மாநிலங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அப்பள்ளத்தாக்கின் வயல்களில் வேலை தேடி வந்து குவிந்த காலமும் இதுவே.

புழுதியை அடக்கி நோயைக் குறைக்கலாம் என்ற எண்ணம் பெரிய அளவிற் செயல்வடிவம் பெற்றது இரண்டாம் உலகப் போரின் போதாகும். பள்ளத்தாக்கில் விமானப் பயிற்சித் தளங்கள் அமைக்கப்பட்டபோது சாள்ஸ் சிமித் என்னும் வைத்தியரின் ஆலோசனைப்படி புல் வளர்க்கப்பட்டது, பாதைகள் செப்பனிடப்பட்டன, வெற்று நிலத்தில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. தொற்று வீதம் கணிசமாகக் குறைந்தது. பயிற்சி பெறும் வீரன் பல வாரங்கள் படுக்கையிற் கிடத்தல் போர் முயற்சிக்கு இழப்பாகக் கணக்கிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வயற்புழுதியைச் சுவாசித்தோரின் இழந்த நாட்களுக்கு அத்தகைய கணக்கு எழுதப்படவில்லை. அதே போர்க்காலத்தில், 1942 முதல், யப்பானிய வம்சாவளியினர் குடியிருப்புகளினின்றும் அகற்றப்பட்டு அரிசோனாப் பாலைநிலத்துக் கீலா றிவர் முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களிடையேயும் இந்நோய் பரவியது. வாழிடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை இழந்தோர், சுவாசிக்கும் காற்றைத் தெரிவுசெய்யும் உரிமையையும் இழந்தனர்.

சிகிச்சையின் வரலாறு இதனினும் மெதுவானது. 1950களின் நடுப்பகுதிவரை ஓய்வு ஒன்றே பெரும்பாலும் மருந்தாயிருந்தது. வெனிசூலாவின் ஒறினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து பெற்ற நுண்ணங்கியொன்றிலிருந்து அம்போதெரிசின் பி என்னும் மருந்து பின்னர் தயாரிக்கப்பட்டது. மண்ணிலிருந்து வந்த நோய்க்கு மண்ணிலிருந்தே மருந்தும் கிடைத்தது. ஆயின், நாளத்தினூடாக ஏற்றப்பட்ட அம்மருந்து நடுக்கத்தையும் கடுஞ்சுரத்தையும் உண்டாக்கியதோடு சிறுநீரகங்களையும் பாதித்தது. தாமாகவே குணமடையக்கூடிய பலருக்கு அதனைக் கொடுப்பது தகுமா என்பது வைத்தியரை எதிர்நோக்கிய சிக்கலாயிற்று. 1980களில் கீற்றோகொனசோலும் 1990இல் புளூகொனசோலும் வாய்வழி மருந்துகளாக வந்து சுமையைத் தணித்தன. ஆயினும் மூளையுறை நோயில் அவை முழுவிடுதலை தரவில்லை. மருந்தை நிறுத்திய 18 நோயாளிகளுள் 14 பேருக்கு நோய் மீண்டதை 1996இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆதலால் அத்தகையோர் வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டியவராயினர். 1980 முதல் 1985 வரை 2,867 பேரிடம் பரிசோதிக்கப்பட்ட தடுப்பு மருந்தும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2016ஆம் ஆண்டு வெளியான சிகிச்சை நெறிமுறைகள், இலேசான நோயுடைய நலமுடையோரை மருந்தின்றிக் கவனமாக அவதானிக்குமாறும், நோய் கடுமையானோருக்கும் பரவியோருக்கும் மருந்தளிக்குமாறும் கூறுகின்றன.

அவ்வாறு பிரித்தறிவதற்கு நோய் முதலில் இனங்காணப்படல் வேண்டும். சாதாரண நியுமோனியா எனக் கருதிப் பயனற்ற மருந்துகளைக் கொடுத்துக் காலங்கழிவது இன்றும் நிகழ்கின்றது. நோயாளி எங்கு வாழ்ந்தார், எவ்வேலை செய்தார் என்ற வினா கேட்கப்படாதவிடத்து இந்நோய் மறைந்தே கிடக்கின்றது.

அண்மைக்கால நிகழ்வுகள் பழைய கோலமே தொடர்வதை உணர்த்துகின்றன. 1987இலும் 1994இலும் அப்பள்ளத்தாக்கில் அவெனல், பிளெசன்ற் வலி ஆகிய சிறைச்சாலைகள் திறக்கப்பட்டன. கைதிகளிடையே நோய் பெருகவே, கடும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியோரை வேறிடம் மாற்றுமாறு 2013இல் கூட்டாட்சி நீதிபதியொருவர் கட்டளையிட்டார். 2019இல் கலிபோர்ணியா இயற்றிய சட்டம், நோய் மிகுந்த மாவட்டங்களிற் கட்டட நிர்மாணத் தொழிலாளருக்கு இந்நோய் பற்றிய பயிற்சியை வேலை கொள்வோர் அளிக்கவேண்டும் என விதித்தது. வயல் வேலையை அச்சட்டம் தழுவவில்லை.

பங்கசு, தான் உட்புகும் மனிதனின் தகுதியை நோக்குவதில்லை. ஆனால் புழுதியின் நடுவே நிற்பவர் எவர், அதனின்றும் விலகி வாழ்பவர் எவர் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது. மருந்தின் வரலாற்றை எழுதுவோர் அத்தீர்மானத்தின் வரலாற்றையும் உடன் எழுதுதல் வேண்டும்.