ரோபோ: பெயர் வந்த வழி

ரோபோ என்ற சொல்லைப் பெற்றெடுத்தது நாடக மேடை. செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தை வெளியிட்டார்; மறு ஆண்டு ஜனவரியில் அது பிராகா தேசிய அரங்கில் மேடையேறியது. கதையில் வரும் செயற்கை வேலையாட்களுக்கு ‘லபோரி’ என்று பெயர் வைக்கலாமா என யோசித்தவருக்கு அது புத்தகத்தனமாகப் பட்டது. ஓவியரான அண்ணன் யோசெப்பிடம் கேட்டார். படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன், வாயில் கவ்விய தூரிகையோடு முணுமுணுத்த சொல்தான் ‘ரோபோட்’. 1933இல் கரேலே இதை எழுதி, பெருமையை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்.

செக் மொழியில் ‘ரோபோத்தா’ என்றால், குடியானவர்கள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலை. சோழர் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று குறிப்பது இந்த வகை உழைப்பைத்தான். ஆஸ்திரியப் பேரரசில் ரோபோத்தா 1848இல் ஒழிந்தது. அடிமையைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லான ‘ரப்’ இச்சொல்லின் உறவு. ஆக, அந்தப் பெயருக்குள் இருப்பது சுமத்தப்பட்ட வேலை. இரும்பும் இல்லை, மனித முகமும் இல்லை. சாபெக்கின் ரோபோக்களே சதை போன்ற பொருளைப் பிசைந்து செய்யப்பட்டவை.

‘ரோபோட்டிக்ஸ்’ என்ற சொல் 1941இல் ஐசக் அசிமோவின் சிறுகதையில் வந்தது. ஏற்கெனவே புழங்கும் சொல் என்று எண்ணியே அவர் எழுதினார். இருபது ஆண்டு கழித்து, 1961இல், நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ‘யூனிமேட்’ என்ற ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. தலையில்லை, காலில்லை, அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைக்கும் ஒற்றைக் கை.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு நான் இந்தக் கையைத்தான் காட்டுவேன். நடந்து பேசும் உருவத்தில் தொடங்க ஆசைப்படுவோர் பலர். ஆனால் தொடங்குவதற்கு ஒரு சிறிய சர்வோ மோட்டார் போதும். இந்தப் பெயரிலும் ஓர் அடிமை இருக்கிறான்: லத்தீனில் ‘செர்வுஸ்’. கப்பலின் சுக்கானைத் திருப்பும் பொறிக்கு 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ சூட்டிய பெயர்தான் சர்வோ மோட்டார். நம் சிறிய மோட்டாருக்கு ‘90 டிகிரிக்குப் போ’ என்று கட்டளையிட்டால், உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற உணரி, தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லும். வித்தியாசம் தீரும்வரை மோட்டார் திரும்பும். கையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பாடநூல் சொல்வதை விரல் உணர்ந்துவிடும்.

இத்துறைக்கு எந்தப் படிப்பு என்ற கேள்விக்கும் ரோபோவின் பாகங்களிலேயே வழி தெரியும். மூட்டுகளையும் பல்சக்கரங்களையும் வடிவமைப்பது மெக்கானிக்கல். மோட்டாரை ஓட்டும் சுற்று எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ். கேமராவில் தெரிவது என்னவென்று கண்டறிவது கணினியியல். பட்டம்தான் வேண்டும் என்றில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார் ஆலைகளில் பற்றவைக்கும் ரோபோக்களுக்கு, டீச் பெண்டன்ட் என்ற கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்து, புள்ளி புள்ளியாகப் பாதை சொல்லித்தர ஆட்கள் வேண்டும். பழுது பார்க்கவும் வேண்டும். டிப்ளமா படித்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு.